பட்டு அட்டையும் தையற்பையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தின் நடுத்தரக் குடும்பங்களில் பெண்களுக்குப் புத்தகம் பரிசளிக்கும் வழக்கம் வேரூன்றியபோது, அந்தப் பரிசில் உள்ளடக்கத்துக்கு இருந்த மதிப்பு அதன் அட்டைக்கும் உறைக்கும் உடன் வைத்துக் கொடுக்கப்பட்ட கைவேலைப் பொருள்களுக்கும் இருந்தது. இலக்கிய வரலாறு எழுதியவர்கள் நெடுங்காலம் இவற்றை வரவேற்பறை அலங்காரம் என்றே ஒதுக்கி வைத்தனர். ஆனால் அதே காலத்தில் அடிமை முறைக்கு எதிராகப் பெண்கள் நடத்திய இயக்கத்தை உடன் வைத்துப் பார்த்தால், அரசியல் துண்டறிக்கை வாசற்படி தாண்ட முடியாத வீடுகளுக்குள் அதைக் கொண்டு சேர்த்தவை இந்த அலங்காரப் பொருள்களே என்பது தெரியவரும்.

பரிசுக்கென்றே தயாரிக்கப்பட்ட புத்தகம் ஜெர்மனியிலிருந்து வந்தது. அங்கே நாட்காட்டியும் கவிதையும் கதையும் படமும் கலந்த சட்டைப்பை அளவுப் புத்தகங்கள் ஆண்டுதோறும் வெளிவந்தன. சாக்சனியில் பிறந்து லண்டன் ஸ்டிராண்ட் தெருவில் படக்கடை நடத்திவந்த ருடால்ஃப் ஆக்கர்மான் அந்த வகையைப் பின்பற்றி, 1823-ஆம் ஆண்டுக்குரிய ‘ஃபர்கெட் மீ நாட்’ என்னும் மலரை 1822 நவம்பரில் வெளியிட்டார். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் முன்பாகக் கடைக்கு வந்துவிட வேண்டும் என்பதே அதன் கணக்கு. நம்மவர்களுக்குத் தீபாவளி மலர் எப்படியோ, அந்த நாட்டு வாசகர்களுக்கு இந்த ஆண்டு மலர் அப்படி. முதல் மலரில் மக்கள்தொகைக் கணக்கு போன்ற நாட்காட்டிச் சரக்கும் இருந்தது. பின்னால் வந்த மலர்கள் அதைக் கைவிட்டுக் கதை, கவிதை, படம் ஆகிய மூன்றையுமே நம்பின. சில ஆண்டுகளுக்குள் பல பதிப்பகங்கள் போட்டிக்கு வந்துவிட்டன.

படங்கள் மலிந்ததற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. செப்புத் தகட்டில் செதுக்கிய படம் அச்சு இயந்திரத்தின் அழுத்தத்தில் விரைவில் தேய்ந்துவிடும். எஃகுத் தகட்டில் செதுக்கினால் பல்லாயிரம் படிகள் எடுத்தாலும் கோடு மங்குவதில்லை. கள்ள நோட்டு அடிக்க முடியாத வங்கித்தாளை உருவாக்கும் நோக்கத்துடன் 1819-இல் அமெரிக்காவிலிருந்து லண்டன் வந்த ஜேக்கப் பெர்கின்ஸுடன் கூட்டுச் சேர்ந்த சார்லஸ் ஹீத், அந்த எஃகுச் செதுக்கலையே முதலாக வைத்து 1828-ஆம் ஆண்டுக்குரிய ‘கீப்சேக்’ மலரைத் தொடங்கினார். அலையலையாக மினுங்கும் செந்நிறப் பட்டுத்துணியில் அட்டை, பொன் பூசிய தாள் விளிம்பு, விலை ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். இத்தகைய மலர்கள் பலவற்றின் தொடக்கத்தில் பூக்கொடியோ சிற்றுருவங்களோ சூழ்ந்த ஒரு ‘அன்பளிப்புப் பக்கம்’ இருந்தது. அதன் நடுவே கொடுப்பவர் பெயருக்கும் பெறுபவர் பெயருக்கும் வெற்றிடம் விடப்பட்டிருந்தது. வாங்கியவர் தாமே வைத்துக்கொள்வதற்காக அச்சிடப்பட்ட நூல் அன்று இது என்பதை அந்த வெற்றிடமே காட்டிவிடுகிறது.

பணம் புரண்ட இடத்துக்கு எழுத்தாளர்களும் வந்தனர். வால்டர் ஸ்காட்டின் கதைகளுக்குக் ‘கீப்சேக்’ 500 பவுன் கொடுத்தது. வேர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜ் ஆகியோரின் பெயர்களும் அதில் இடம்பெற்றன. ஆயினும் இம்மலர்களால் உண்மையில் பிழைத்தவர்கள் பெண் எழுத்தாளர்களே. ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ எழுதிய மேரி ஷெல்லி, 1822-இல் கணவரை இழந்தபின் மகனை வளர்க்கத் தேவைப்பட்ட வருமானத்தில் ஒரு பங்கை ஆண்டு மலர்க் கதைகளால் ஈட்டினார். எல்.இ.எல். என்ற முதலெழுத்துகளில் எழுதிய லெட்டிஷியா லாண்டனுக்கு வேலை தலைகீழாக அமைந்தது: பதிப்பாளர் முதலில் படங்களை அனுப்புவார், அவற்றுக்குப் பொருந்தக் கவிஞர் பாட்டு எழுத வேண்டும். இந்தியாவைக் கண்ணால் காணாத அவர் மதுரைக் கோயில்களையும் அரண்மனையையும் பற்றி ஒரு கவிதை எழுதியது இப்படித்தான். தாம் பார்த்திராத ஊரைப் படத்தைப் பார்த்துப் பாட வேண்டிய கட்டாயத்தை இன்றைய வாசகர் நகைக்கலாம். ஆனால் ஒரு பெண் தன் பேனாவால் மட்டுமே குடும்பத்தைத் தாங்குவதற்கு அந்தக் காலத்தில் திறந்திருந்த வாசல்கள் மிகச் சில.

நகைத்தவர்கள் அன்றும் உண்டு. நாவலாசிரியர் தாக்கரே இம்மலர்களைக் கிண்டல் செய்தார். ஜார்ஜ் எலியட் தமது ‘மிடில்மார்ச்’ நாவலில், ஓர் இளைஞன் தான் விரும்பும் பெண்ணிடம் ‘கீப்சேக்’ மலரைப் பெருமையுடன் காட்டுவதையும் மருத்துவர் லிட்கேட் அதை ஏளனம் செய்வதையும் ஒரு காட்சியாக்கியிருக்கிறார். பெண்ணுக்குத் தகுந்த பரிசு என்றாலே ஆழமற்றது என்று கொள்ளும் மனப்பான்மைக்கு இந்த ஏளனம் நல்ல சான்று.

இந்த ஏளனம் எட்டாத இடத்தில் வேறொரு பரிசு வழக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. 1825 ஏப்ரலில் பர்மிங்காமுக்கு அருகிலுள்ள வெஸ்ட் பிராம்விச்சில், திருச்சபை ஊழியரின் மனைவியான லூசி டவுன்செண்டும் குவேக்கர் சபையைச் சேர்ந்த மேரி லாய்டும் பிற பெண்களும் கூடி, மேற்கிந்தியத் தீவுகளில் கரும்பு விளைவித்த அடிமைகளுக்காக ஒரு மகளிர் சங்கம் நிறுவினர். சங்கத்தினர் துணியில் தையற்பைகளைத் தைத்தனர். ஊசி, நூல், பாதி முடிந்த கைவேலை ஆகியவற்றை வைத்துக்கொள்ளப் பெண்கள் உடன் எடுத்துச் சென்ற, வாய்ப்புறம் நாடாவால் சுருக்கும் சிறு பை அது. அடிமைகள் பறித்த பருத்தி கூடாது என்பதால் பட்டையோ இந்தியப் பருத்தித் துணியையோ தேர்ந்தெடுத்தனர். சில பைகளின் மேல் அடிமைப் பெண்ணின் உருவத்தை அச்சிட்டனர். உள்ளே அடிமை முறையை விளக்கும் துண்டறிக்கைகளையும் செய்தித்தாள் நறுக்குகளையும் வைத்தனர். இந்தப் பைகள் விற்கவும்பட்டன, பெரிய மனிதர்களுக்கு அன்பளிப்பாகவும் சென்றன. பெற்றவர்களுள் மன்னர் நான்காம் ஜார்ஜும் அப்போது சிறுமியாயிருந்த இளவரசி விக்டோரியாவும் அடங்குவர். கூட்டத்தில் எழுந்து பேசுவது பெண்ணுக்கு அடக்கமன்று என்று கருதப்பட்ட அந்நாளில், தையற்பையை எவரும் ஆட்சேபிக்க முடியாது. அதைத் திறந்த பெண்ணின் கையில் ஊசிக்கு முன் தட்டுப்படுவது அச்சிட்ட தாள்.

படிப்பதோடு நிற்காமல் ஒன்றைச் செய்யவும் அந்தத் தாள்கள் வேண்டின: மேற்கிந்தியச் சர்க்கரையை வீட்டில் புழங்காதிருத்தல். லெஸ்டர் நகரத்து எலிசபெத் ஹெய்ரிக் 1824-இல் வெளியிட்ட சிறு நூல், படிப்படியான விடுதலை என்ற ஆண் தலைவர்களின் நிலைப்பாட்டை மறுத்து உடனடி விடுதலையைக் கோரியது. அதற்கு அவர் கண்ட வழி இந்தப் புறக்கணிப்பே. மாற்றாகக் கிழக்கிந்தியச் சர்க்கரையை வாங்கும்படி சொல்லப்பட்டது. இதில் அடிமை உழைப்பு இல்லை என்று எழுதிய பீங்கான் சர்க்கரைக் கிண்ணங்கள் கூட விற்பனைக்கு வந்தன. இவ்விடத்தில் ஒரு முரண்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. அந்தச் சர்க்கரை பெரும்பாலும் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட வங்கத்திலிருந்து சென்றது என்றாலும், அதே கம்பெனி ஆண்ட சென்னை மாகாணத்தின் வயல்களில் பள்ளரும் பறையரும் நிலத்தோடு பிணைக்கப்பட்ட அடிமைகளாக உழைத்ததை 1819-இல் சென்னை வருவாய் வாரியம் ஆட்சியர்களிடமிருந்து பெற்ற அறிக்கைகளே பதிவு செய்திருந்தன. 1833-இல் 1,87,000-க்கும் மேற்பட்ட பெண்கள் கையெழுத்திட்ட மனு நாடாளுமன்றத்துக்குச் சென்ற அதே ஆண்டில் நிறைவேறிய அடிமை ஒழிப்புச் சட்டம் கம்பெனி ஆட்சிப் பகுதிகளுக்குப் பொருந்தவில்லை. இந்திய நீதிமன்றங்கள் அடிமை உரிமையை ஏற்கலாகாது என்ற சட்டம் வர 1843 ஆயிற்று. பண்ணையடிமை நிலை அதற்குப் பின்னும் நீடித்தது.

கடலுக்கு அப்பால் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துப் பெண்கள் மலரையும் கைவேலையையும் ஒரே மேசையில் வைத்தனர். 1834-இல் லிடியா மரியா சைல்டும் லூயிஸா லோரிங்கும் தொடங்கிய அடிமை ஒழிப்பு விற்பனை விழா, கிறிஸ்துமஸ் பரிசு வாங்கும் காலத்தை ஒட்டி ஆண்டுதோறும் நடந்தது. பேனா முனையில் ஒட்டிய மையைத் துடைக்கும் துணி, ஊசி செருகும் சிறு துணிப்புத்தகம், சூடான பாத்திரம் பிடிக்கும் துணி ஆகியவற்றில் அடிமை முறையைச் சாடும் சிலேடைகளைப் பின்னியிருந்தனர். மைக்கறையைத் துடைப்பது போல நாட்டின் கறையையும் துடைக்கச் சொன்னது பேனாத்துணி. கிளாஸ்கோ, எடின்பரோ, டப்ளின் நகரப் பெண்கள் சால்வைகளும் பொம்மைகளும் நிறைந்த பெட்டிகளைக் கப்பலில் அனுப்பினர். விழாவை நடத்திய மரியா வெஸ்டன் சாப்மன், 1839 முதல் 1858 வரை சில ஆண்டுகள் நீங்கலாக, ‘லிபர்ட்டி பெல்’ என்ற ஆண்டு மலரைத் தொகுத்து அங்கே விற்பனைக்கு வைத்தார். வடிவில் அது மற்ற பரிசு மலர்களைப் போன்றதே. உள்ளே எலிசபெத் பேரட் பிரவுனிங், தப்பியோடிய அடிமைப் பெண்ணொருத்தி தன் குழந்தையைக் கொன்றதைத் தானே சொல்லும் நெடுங்கவிதையை 1848 மலருக்கு அளித்திருந்தார். புத்தாண்டுப் பரிசாக அம்மலரைப் பெற்ற வீட்டுப் பெண்கள் அதைப் படித்தபின் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்பது ஊகிக்கத்தக்கது.

அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரமும் விற்பனை விழா நடத்தி இதே வழியில் சென்றது. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து அங்கே பத்திரிகை நடத்திய ஃபிரெடரிக் டக்ளஸுக்குத் துணையாக இங்கிலாந்திலிருந்து வந்த ஜூலியா கிரிஃபித்ஸ், ‘ஆட்டோகிராஃப்ஸ் ஃபார் ஃப்ரீடம்’ என்ற பரிசு நூலின் இரு தொகுதிகளை வெளிக்கொணர்ந்தார். ஒவ்வொரு படைப்பின் கீழும் எழுதியவரின் கையொப்பம் அப்படியே அச்சாகியிருந்தது. டக்ளஸ் எழுதிய ஒரே புனைகதை 1853-இல் வந்த முதல் தொகுதியிலேயே வெளியாயிற்று. இதற்கிடையே இங்கிலாந்தில் ‘கீப்சேக்’ 1857-இல் நின்றுபோயிற்று. மலிவான படப் பத்திரிகைகள் அதற்குள் வாசகர்களை ஈர்த்துக்கொண்டிருந்தன. பாஸ்டனில் சாப்மன் 1858-இல் விற்பனை விழாவைக் கைவிட்டு, நேரடியாக நன்கொடை திரட்டும் ஆண்டுக் கூட்டமாக அதை மாற்றினார். அவருடைய மலரும் அத்துடன் முடிந்தது. 1855-இல் இங்கிலாந்து திரும்பிய கிரிஃபித்ஸோ அங்கே புதிய மகளிர் சங்கங்களை அமைத்து, ராச்செஸ்டர் விழாவுக்குக் கைவேலைப் பெட்டிகளைத் தொடர்ந்து அனுப்பச் செய்துகொண்டிருந்தார்.