மேஸ்திரி இல்லாத கட்டடம்

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு நீல மை விடுங்கள். நூல் நூலாக இறங்கும், சுருளும், கொஞ்ச நேரத்தில் டம்ளர் முழுக்க வெளிர் நீலம். அவ்வளவுதான் கதை. ராத்திரி முழுக்கக் கண் விழித்துக் காவல் காத்தாலும் அந்த மை திரும்ப ஒன்றுசேர்ந்து சொட்டாகி நிற்காது. கலைந்தது கலைந்ததுதான். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

எல்லாருக்கும் தெரிந்த விஷயத்துக்கு எதிராக ஒருத்தர் பேசினால் என்ன ஆகும்? மாஸ்கோவில் போரிஸ் பெலுசோவுக்கு என்ன ஆனதோ, அது ஆகும்.

பெலுசோவ் 1893-ல் பிறந்தவர். ராணுவத்துக்காக ரசாயன ஆராய்ச்சி செய்தவர். விஷவாயுவுக்கு மாற்று தேடுவது மாதிரியான வேலைகள். 1950-51 வாக்கில் அவருக்கு ஓர் ஆசை. நம் உடம்பின் செல்களுக்குள் சிட்ரிக் அமிலத்தை வைத்து நடக்கும் ஒரு வேதிச்சுழற்சியை, சோதனைச்சாலைக் குடுவையில் நடத்திக் காட்டினால் என்ன? சிட்ரிக் அமிலம், புரோமேட் உப்பு, கந்தக அமிலம், கூடவே சீரியம் என்ற உலோகத்தின் உப்பு. கலந்தார்.

கலவை மஞ்சளானது. பிறகு நிறம் போனது. சரி, முடிந்தது என்று பார்த்தால், மறுபடி மஞ்சள். மறுபடி நிறமில்லை. யாரும் தொடவில்லை, யாரும் எதுவும் ஊற்றவில்லை. குடுவை பாட்டுக்குக் கடிகாரம் மாதிரி கண் சிமிட்டிக்கொண்டிருந்தது!

எழுதி 1951-ல் ஒரு பத்திரிகைக்கு அனுப்பினார். 'இப்படியெல்லாம் நடக்க வாய்ப்பே இல்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சில வருடம் கழித்து விவரமாக எழுதி இன்னொரு பத்திரிகைக்கு அனுப்பினார். அங்கேயும் கதவு திறக்கவில்லை. மனிதர் வெறுத்துப்போனார். கடைசியில் 1959-ல் வெளியான, கதிரியக்க மருத்துவம் பற்றிய ஒரு தொகுப்பின் மூலையில் சின்னதாக அச்சானது. ரசாயனக்காரர்கள் யாரும் எட்டிப் பார்க்காத மூலை.

மறுத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் கையில் இருந்தது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. வெளியே எதுவும் நடக்காமல் அடைத்துக் கிடக்கும் எந்த அமைப்பும் ஒழுங்கிலிருந்து குழப்பத்தை நோக்கித்தான் போகும். மை கரைவது மாதிரி. அதற்குள் தானாக ஒழுங்கு பிறக்கிறது என்றால், உள்ளே ஒரு மேஸ்திரி உட்கார்ந்து வேலை வாங்க வேண்டும். குடுவைக்குள் ஏது மேஸ்திரி?

இப்போது மான்செஸ்டருக்குப் போவோம். பெலுசோவ் யாரென்றே தெரியாத ஒரு மனிதர், அதே 1951-ல், இதே கேள்வியைக் காகிதத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆலன் டூரிங். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்களின் எனிக்மா ரகசியச் சங்கேதத்தை உடைத்ததில் பெரும்பங்கு வகித்த கணித மேதை. நம் பக்கத்து ஒட்டுறவும் உண்டு. அப்பா அன்றைய சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. அம்மா பிறந்தது கோயம்புத்தூரை ஒட்டிய போத்தனூரில்.

டூரிங்கின் கேள்வி இது: கருவின் ஆரம்பத்தில் எல்லா செல்லும் ஒரே மாதிரிதானே இருக்கிறது? அதில் எங்கிருந்து வந்தது சிறுத்தையின் புள்ளி? வரிக்குதிரையின் வரி?

அவர் பதில் விபரீதமானது. இரண்டு ரசாயனங்கள் ஒன்றோடு ஒன்று வினைபுரிகின்றன, பரவவும் செய்கின்றன. பரவுதல் என்றால் மை கரைவதுதான், எல்லாவற்றையும் சமமாக்கும் சமாச்சாரம். ஆனால் இரண்டும் வேறு வேறு வேகத்தில் பரவினால், சில நிபந்தனைகளில், அந்தப் பரவுதலே சமநிலையைக் குலைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத சின்ன ஏற்றத்தாழ்வு வளர்ந்து, நிலையான புள்ளிகளாக, வரிகளாக நின்றுவிடும் என்று சமன்பாடு போட்டுக் காட்டினார். கலைக்கிறவனே கோலம் போடுகிறான் என்கிற மாதிரி!

காமர்ஸ் படித்த எனக்கு இது கடைத்தெருக் கணக்காகத்தான் புரிகிறது. புதிதாக ஒரு நீண்ட சாலை. இரண்டு பக்கமும் வீடுகள். ஓர் இடத்தில் யாரோ டீக்கடை போடுகிறார். நாலு பேர் கூடுகிறார்கள். கூட்டத்தைப் பார்த்துப் பக்கத்தில் பெட்டிக்கடை, சலூன், மெடிக்கல் ஷாப். கடை கடையை இழுக்கும், ஆனால் கிட்டத்தில்தான். இந்தக் கடைகள் சுற்றுவட்டார வாடிக்கையாளர்களை எல்லாம் வளைத்துவிடுவதால், அடுத்த அரை கிலோமீட்டருக்கு எவன் கடை போட்டாலும் ஈ ஓட்ட வேண்டியதுதான். அதைத் தாண்டினால் மறுபடி ஒரு கடைத்தெரு முளைக்கும். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் சொல்லி வைத்தாற்போல் இடைவெளி. பிளான் போட்டது யார்? யாருமில்லை. கிட்டத்தில் ஊக்கம், தூரத்தில் தடை. அவ்வளவே சூத்திரம். 1972-ல் ஜெர்மனியின் கீரரும் மைன்ஹார்ட்டும் இந்த ஊக்கம்-தடை விதியைத் தெளிவான கணிதமாக்கினார்கள்.

டூரிங்கின் கட்டுரை 1952 ஆகஸ்டில் ராயல் சொசைட்டி இதழில் வந்தது. அதைக் கொண்டாடும் நிலையில் அவர் இல்லை. அந்த மார்ச்சில்தான் தன்பாலுறவுக் 'குற்றத்துக்காக' நீதிமன்றம் அவரைத் தண்டித்திருந்தது. சிறைக்குப் பதில் ஒரு வருடம் ஹார்மோன் 'சிகிச்சை'. உடம்பு உருவம் எடுக்கும் ரசாயனத்தைக் கணக்குப் போட்டவரின் உடம்பிலேயே அரசாங்கம் ரசாயனத்தை ஏற்றியது. 1954 ஜூன் 7-ல் இறந்தார். வயது 41. அவருடைய அந்தக் கட்டுரையை அடுத்த இருபது வருடம் அதிகம் பேர் சீண்டவில்லை.

மாஸ்கோவில்தான் முடிச்சு அவிழ ஆரம்பித்தது. பெலுசோவின் செய்முறை கைமாறிக் கைமாறி ஓர் ஆராய்ச்சி மாணவரிடம் வந்தது. பெயர் அனடோல் ஜபோடின்ஸ்கி. 1961-ல் வேலையைத் தொடங்கியவர், சிட்ரிக் அமிலத்துக்குப் பதில் மலோனிக் அமிலம் போட்டார். வேறு நிறங்காட்டி சேர்த்தபோது சிவப்பும் நீலமும் பளிச்சென்று மாறி மாறி வந்தன. தட்டையான கண்ணாடித் தட்டில் ஊற்றினால் வட்ட வட்டமாக அலைகள் கிளம்பின. 1968-ல் பிராக் நகர மாநாடு ஒன்றின் வழியாக விஷயம் மேற்குலகை எட்டியது.

அப்படியென்றால் இரண்டாம் விதி பொய்யா? இல்லை. பெல்ஜியத்தில் இருந்த இலியா பிரிகோஜின் கணக்கை நேர் செய்தார். விதி சொல்வது மொத்த இருப்புநிலைக் குறிப்பு. அதில் எப்போதும் குழப்பம்தான் ஏறும். ஆனால் சக்தி உள்ளே வந்து வெளியே போய்க்கொண்டிருக்கும் வரை, ஒரு மூலையில் ஒழுங்கு வரவாகலாம். அதைவிடப் பெரிய குழப்பம் வேறு இடத்தில் பற்று எழுதப்பட்டிருக்கும். பெலுசோவின் குடுவையிலும் எரிபொருள் தீர்ந்துகொண்டே வருகிறது. தீர்ந்ததும் சிமிட்டல் நின்றுவிடும். போகிற வழியில்தான் ஆட்டம். பிரிகோஜினுக்கு 1977-ல் நோபல் பரிசு.

டூரிங் காகிதத்தில் போட்ட கோலம் சோதனைச்சாலையில் நிஜமாகத் தெரிய 1990 ஆனது. பிரான்சின் போர்தோ நகரில் டி கெப்பர் குழு, ஜெல்லுக்குள் நகராத புள்ளிகளைக் காட்டியது. 1995-ல் ஜப்பானின் ஷிகேரு கோண்டோ, வளர்கிற கடல் மீன் ஒன்றின் வரிகள் டூரிங் சமன்பாடு சொன்னபடியே நகர்ந்து பிரிவதைக் கண்டார்.

ஆனால் எல்லாப் பூட்டுக்கும் இது சாவியல்ல. பழ ஈயின் கருவில் தெரியும் வரிகள் டூரிங் வழியில் வரவில்லை. அங்கே ஒவ்வொரு வரிக்கும் மரபணுவில் தனித்தனி உத்தரவு. மேஸ்திரி வைத்துக் கட்டும் கட்டடமும் இயற்கையில் உண்டு.

மேஸ்திரி இல்லாமலே எழும் ஒழுங்கு எப்போதும் நல்லது என்றும் சொல்ல முடியாது. ஜபோடின்ஸ்கியின் தட்டில் அலையைக் கலைத்துவிட்டால் அது சுருள் சுருளாகச் சுழலும். இதயத் தசையில் மின்னலைகள் அதேபோல் சுழன்று சிதறும்போதுதான் இதயம் துடிப்பதை மறந்து வெறுமனே நடுங்குகிறது. டாக்டர்கள் மின்னதிர்ச்சி கொடுத்து நிறுத்துவது அந்தச் சுழலைத்தான். உயிர்காக்கும் அந்த அறிவுக்கு, 'நடக்க வாய்ப்பே இல்லை' என்று தள்ளப்பட்ட குடுவையும் உதவியிருக்கிறது.

பெலுசோவ் 1970-ல் இறந்தார். சோவியத் அரசு 1980-ல் ஜபோடின்ஸ்கி உள்ளிட்டோருடன் அவருக்கும் லெனின் பரிசு கொடுத்தது. பிரிட்டிஷ் பிரதமர் 2009-ல் டூரிங்கிடம் மன்னிப்புக் கேட்டார். 2013-ல் அரச மன்னிப்பும் வந்தது. வாங்கிக்கொள்ள இருவருமே இல்லை.

அன்று கட்டுரையைத் திருப்பி அனுப்பியவர்கள் தப்பான விதியைப் பிடித்துக்கொள்ளவில்லை. சரியான விதியைப் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்ததைப் பார்க்க மறுத்தார்கள். செய்முறை கையிலேயே இருந்தது. கல்லூரி மாணவர்கள் இன்று லேபில் செய்கிற சோதனைதான். கலந்து வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்திருந்தால்கூடப் போதும், குடுவை அவர்களைப் பார்த்துக் கண் சிமிட்டியிருக்கும்.