கையில் இருந்த தாள்

கொஞ்சம் நீண்ட பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

"எல்லாம் இப்போ கணினியில ஏத்தியாச்சே சேர், இந்தப் பழைய இடாப்புகளை இன்னும் எதுக்கு அலுமாரியில வச்சிருக்கோம்?" என்று எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். தூசி, கறையான், இடப் பிரச்சினை எல்லாம் இருக்கிறது. ஆனால் எங்களுக்கு உடனே நினைவுக்கு வந்தது போன தவணையில் பாடசாலைக்கு வந்த ஒரு அம்மாதான். கொழுந்து எடுத்தே காலம் கழித்தவர். தோட்டத்தில் கூப்பிட்ட பெயர் ஒன்று, அடையாள அட்டையில் இருக்கும் பெயர் இன்னொன்று. இரண்டும் ஒருவர்தான் என்று காட்ட முடியாமல் அவருடைய சேமலாப நிதிப் பணம் நின்றுபோயிருந்தது. அரை மணித்தியாலம் தேடியதில், விளிம்பு உதிர்ந்த ஒரு சேர்வு இடாப்பில் அவர் பெயர் கிடைத்தது. தகப்பன் பெயர், பிறந்த திகதி, லயத்தின் பெயர் எல்லாமே நீல மையில் இருந்தன. அந்தக் காலத்துப் பதிவுகளை யாரும் கணினியில் ஏற்றவில்லை.

தோட்டத்து மக்களுக்கும் தாளுக்கும் உள்ள உறவு லேசானதல்ல. முதலில் அது விலங்காகத்தான் வந்தது. நம் பாட்டன்மார் காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகவேண்டுமானால், அவர் பேரில் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. பெரும்பாலும் அது கங்காணியின் கைக்குத்தான் போகும். கடன்பட்டவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது. அந்தத் துண்டை வைத்தே ஆட்களைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றினார்கள். 1921ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அது ஒழிந்தது.

இந்த இடத்தில் எங்களுக்கு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் நினைவுக்கு வரும். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். பேசுவதோ கடனை எழுதிவைப்பதைப் பற்றி. சிறிய தொகையானாலும் எழுது, சாட்சி வை என்பதோடு அது நிற்பதில்லை. எழுதவேண்டிய வாசகத்தைக் கடன்பட்டவரே சொல்லவேண்டும் என்கிறது. கடன் கொடுத்தவரின் கை ஓங்கியிருக்கும் என்பதால்தான் அந்த ஏற்பாடு என்று நாங்கள் விளங்கிக்கொள்கிறோம். துண்டு நடந்த விதம் இதற்கு நேர்மாறு.

அடுத்தது செக்ரோல். பிரட்டுக்களத்தில் பேர் விழுந்ததா, அரைப்பேரா, நிறை எவ்வளவு என்று கணக்கப்பிள்ளை எழுதும் புத்தகம். ஒருவர் எத்தனை வருடம் இந்த நாட்டில் வேலை செய்தார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. ஆனால் அது இருந்தது தோட்டத்து ஆபிஸில்.

அதன் விலை 1948இல் தெரிந்தது. அந்த ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. லயத்தில் பிறந்த எத்தனை பேருக்குப் பாட்டனின் பிறப்புப் பதிவு இருந்திருக்கும்? 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. பெயரில் பாகிஸ்தானும் இருப்பதைக் கவனியுங்கள். தென்னிந்தியாவிலிருந்து வந்து மலைநாட்டில் கடை போட்ட முஸ்லிம் குடும்பங்களும் இதே வரிசையில் நின்றன. 1946 ஜனவரி 1க்கு முன் திருமணமானவர் 7 வருடம், மற்றவர் 10 வருடம் தொடர்ச்சியாக இங்கே வசித்ததைக் காட்டவேண்டும். காலக்கெடு 1951 ஆகஸ்ட் 5. ஏறக்குறைய 2 லட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் போயின, அவற்றுக்குள் எட்டேகால் லட்சம் பேர் அடக்கம். கடைசியில் பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. வேறு காரணங்களும் உண்டு, அரசியல்தான் முதல் காரணம். என்றாலும் ஆளாளாகப் பார்த்தால் கதை ஒன்றுதான்: வேலை செய்தது உண்மை, காட்டுவதற்குத் தாள் இல்லை.

1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தபோது நாடற்றவர் தொகை 9 லட்சத்து 75 ஆயிரம். 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதி பாதியாக்கினார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் இந்த வழக்கை ஒருவழியாக முடித்தது. அதிலும் கேள்வி திகதிதான்: 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக இருந்தவரா, அல்லது அப்படிப்பட்டவரின் வாரிசா?

இது நமக்கு மட்டும் நடந்ததல்ல. கரீபியன் தீவுகளிலிருந்து பிரித்தானியாவுக்குப் போய் உழைத்த மக்கள் பல பத்தாண்டுகள் கழித்து அத்தாட்சி இல்லாமல் தவித்தது 2018இல் பெரும் செய்தியானது. அவர்கள் வந்திறங்கிய திகதியைக் காட்டும் அட்டைகள் உள்துறை அமைச்சிடம்தான் இருந்தன. 2010இல் அவை அழிக்கப்பட்டுவிட்டன.

ஆகவே தாள் என்றால் பத்திரம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தது. 1983 ஜூலையில் வீடு எரிந்தவர்களுக்குப் பெட்டியும் பத்திரமும் சேர்ந்தே போயின. 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, புதைந்தவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையே நாளுக்கு நாள் மாறியது நமக்கு ஞாபகம் இருக்கிறது.

கணினியும் அப்படித்தான். 2023இல் அரசாங்கத்தின் கிளவுட் மீது ரான்சம்வெயார் தாக்குதல் நடந்தது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையானவை திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் காலப்பகுதிக்கு வேறிடத்தில் பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. அமைச்சரவை அலுவலகமும் அதில் ஒன்று.

நம் ஸ்டேஷனைப் பாருங்கள். 1924இல் பதுளைக்கு ரயில் வந்த பாதை இது. டெப்லெட் என்றால் இப்போதைய பிள்ளைகளுக்கு வேறு பொருள். ஆனால் நாம் பார்த்து வளர்ந்த டெப்லெட் வளையத்தில் மாட்டிக் கொடுப்பது. ஒற்றைப் பாதையில் அதைக் கையில் வாங்காமல் சாரதி ரயிலை எடுக்கமாட்டார். கருவி ஸ்டேஷன் மாஸ்டரிடம் இருந்தாலும், அத்தாட்சி போகிறவரின் கையில் இருக்கும்.

தராசு டிஜிட்டலாவதிலோ சம்பளக் கணக்கு கணினிக்குப் போவதிலோ எங்களுக்கு மறுப்பில்லை. கூட்டல் பிழை குறையும். ஆனால் நிறுத்த கையோடு கொழுந்து எடுத்தவருக்கு ஒரு சீட்டு வராவிட்டால், அது பழைய செக்ரோல்தான். பூட்டு மட்டும் புதிது. தினமும் கிலோவைப் பிள்ளையின் பழைய கொப்பியில் எழுதிவைக்கும் தாய்மார் சிலரை எங்களுக்குத் தெரியும். பின்தங்கியவர்கள் என்று அவர்களைச் சிரிக்கவேண்டாம்.

அந்தத் தம்பியும் இப்போது எங்களோடு சேர்ந்துவிட்டார். பழைய சேர்வு இடாப்புகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வருகிறோம். இடாப்புகள் அலுமாரியிலேயே இருக்கும், வேப்பிலையோடு.

வீட்டில் பழைய பி அட்டை, சம்பளச் சீட்டு, பிரஜாவுரிமைப் பத்திரம், விடுகைப் பத்திரம் எது இருந்தாலும் ஒரு படம் எடுத்து வையுங்கள். அசலை யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம், எங்களிடமும்தான். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்து வாசிக்க முடியாவிட்டால், பாடசாலை விட்ட பிறகு கொண்டு வாருங்கள், வாசித்துச் சொல்கிறோம். வெள்ளிக்கிழமை மட்டும் ஜும்ஆவுக்குப் போய்விடுவோம்.