தெளிவற்ற இழப்பு

தெளிவற்ற இழப்பு என்பது, நெருங்கிய ஒருவரை இழந்துவிட்டோமா இல்லையா என்று துணிய முடியாமல் நீடிக்கும் துயரநிலை. அமெரிக்கக் குடும்ப உளவியலாளர் போலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்து, 1970களில் இக்கருத்தை வகுத்தார். 1999இல் வெளியான அவரது நூல் இதைப் பரவலாக அறியச் செய்தது.

வகைகள்

முதல் வகையில் ஆள் இல்லை, நினைவில் இருக்கிறார். போர், ஆழிப்பேரலை, கடத்தல் ஆகியவற்றில் காணாமற்போனோரின் குடும்பங்கள் இதில் அடங்கும். 2014 மார்ச் 8 அன்று 239 பேருடன் மறைந்த மலேசிய விமானம் எம்எச்370 மற்றோர் எடுத்துக்காட்டு. இரண்டாம் வகையில் ஆள் கண்முன்னே இருக்கிறார். பழைய ஆளாக இல்லை. மறதிநோய் கண்ட தாய் பெற்ற பிள்ளையையே அடையாளம் காணாதது இவ்வகை.

துயரின் இயல்பு

சாவு வீட்டில் ஊர் கூடும், ஒப்பாரி எழும், சடங்குகள் நாள் தவறாமல் நடக்கும். காணாமற்போனவர் வீட்டில் இவை எதுவும் இல்லை. யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்கள் இறந்தவருக்கு 31ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிச் சடங்கைச் செய்தால், உயிரோடிருப்பவரைக் கைவிட்டதாக மனம் குத்தும். மனைவி பொட்டு வைப்பதா, அழிப்பதா என்பதே தீராத கேள்வியாகும். உறக்கமின்மை, குற்றவுணர்வு, முடிவெடுக்க இயலாமை ஆகியவை தொடரலாம். கோளாறு சூழ்நிலையில்தான், துயருறுபவரிடம் இல்லை என்கிறார் பாஸ்.

உளவளத்துணை

இறப்பை ஏற்கும்படி உளவளத்துணையாளர் வற்புறுத்துவதில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்ற இரண்டையும் ஒருசேர மனத்தில் தாங்கி வாழப் பழக்குகிறார். இழப்பில் பொருள் காணல், எல்லாம் தன் கையில் இல்லை என உணர்தல், தன் அடையாளத்தை மீட்டமைத்தல், முரண்பட்ட உணர்வுகளை இயல்பெனக் கொள்ளல், பிணைப்பை மாற்றியமைத்தல், புதிய நம்பிக்கையைக் கண்டடைதல் என ஆறு வழிகளை பாஸ் வகுத்துள்ளார். ஒரே நிலையிலுள்ள குடும்பங்கள் ஒன்றாக அமர்ந்து பேசுவதும் முக்கிய முறை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் நியூயார்க்கில் இம்முறை கையாளப்பட்டது.

இலங்கையில்

2009இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின்னும் பல்லாயிரம் குடும்பங்கள் இந்நிலையில் உள்ளன. இறப்பைப் பதியாமலே சட்ட அலுவல்களைப் பார்க்க உதவும் காணாமற்போனமைச் சான்றிதழுக்கு 2016இல் சட்டம் இடமளித்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். உளவளத்துணை அவர்களுக்குத் தாங்கும் வலிமையைத் தரலாம். பிள்ளை எங்கே என்ற கேள்விக்கு விடை தருவது அரசின் கடமை.