வண்டி போகாத தீவு



வசதி படைத்தோர் சிலர் இக்காலத்தில் வீட்டையே வண்டியில் கொண்டு போகிறார்கள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். கடற்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு, மோட்டார் வண்டிகளின் இரைச்சல் இல்லாத ஒரு தீவில் இரண்டு நாள் ஓய்வெடுக்கிறார்கள். இது நமக்குப் புதிதா? கூண்டு வண்டியில் சட்டி பானையோடு திருவிழாவுக்குப் போனவர்கள்தாமே நம் முன்னோர்! வண்டி போகாத தீவையும் அவர்கள் கண்டதுண்டு. ஆனால், அங்கே அவர்கள் போனது ஓய்வெடுக்க அன்று.

அந்தக் கதையைச் சிங்கப்பூர் சைனாடவுனில் தொடங்குவோம். அவ்விடத்தின் மலாய்ப் பெயர் கிரேத்தா ஆயர். 'தண்ணீர் வண்டி' என்பது அதன் பொருள். குழாய்த் தண்ணீர் வராத காலத்தில், ஆன் சியாங் குன்றின் கிணறுகளிலிருந்து மாட்டு வண்டிகளில் தண்ணீர் இறைத்துச் சென்றார்கள். சீனர்களும் அவ்விடத்தை 'மாட்டு வண்டித் தண்ணீர்' என்றே தங்கள் மொழியில் அழைக்கிறார்கள்.

சீனர் பகுதி என்றாலும், அங்கே தமிழர் சுவடு ஆழமானது. 1819-ல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸோடு வந்த நாராயண பிள்ளை, 1827-ல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மரமும் அத்தாப்பும் கொண்டு மாரியம்மன் கோயிலை எழுப்பினார். அதே தெருவில் சூலியா முஸ்லிம்களின் ஜாமியா பள்ளிவாசலும் இருக்கிறது. கப்பலில் வந்து இறங்கிய ஏழைகளுக்கு, வேலை கிடைக்கும் வரை அந்தக் கோயில் நிழல் தந்தது.

ஆனால், கப்பலில் வந்த எல்லோரும் நேரே கரையேறிவிடவில்லை. சிங்கப்பூருக்குத் தெற்கே, ஏறத்தாழ ஆறரை கிலோமீட்டர் தொலைவில் செயின்ட் ஜான்ஸ் தீவு உள்ளது. 1873-ல் சிங்கப்பூரில் காலரா பரவிப் பல உயிர்களைக் குடித்தது. அடுத்த ஆண்டே அத்தீவில் நோய்த்தடுப்பு முகாம் திறக்கப்பட்டது. கப்பலில் அம்மையோ காலராவோ காணப்பட்டால், மேல்தட்டுப் பயணிகளான ஏழைகள் அங்கே இறக்கப்படுவார்கள். துணிகளை ஆவியில் வைத்துக் கிருமி நீக்குவார்கள், அம்மை குத்துவார்கள், நாள் எண்ணிக் காத்திருக்க வேண்டும். எதிரே ஊர் தெரியும், போக முடியாது. 1930-களில் ஆறாயிரம் பேர் வரை அங்கே தங்க இடமிருந்தது. பினாங்கு வழியாக வந்தவர்களுக்கு ஜெரெஜாக் தீவு. இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கு மண்டபம் முகாம். பெயர்தான் வேறு, காத்திருப்பு ஒன்றே.

இந்த முகாம்களால் நோய் பரவாமல் நின்றது உண்மை. அதன் சுமை பெரிதும் ஏழையின் தோளிலேயே ஏறியது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே வரலாறு.

போருக்குப் பின் அத்தீவு சிறையாகவும் ஆயிற்று. மலாக்காவில், ரப்பர் தோட்டத்துக் கிராணி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் தேவன் நாயர். ஆங்கில ஆட்சியை எதிர்த்ததற்காக 1951-ல் பிடிக்கப்பட்டு, அங்கே காவலில் வைக்கப்பட்டார். முப்பது ஆண்டுகள் சென்றபின், 1981-ல் அவரே சிங்கப்பூரின் அதிபரானார். தோட்டத்துப் பிள்ளைகள் மனத்தில் நிறுத்த வேண்டிய செய்தி இது.

1970-களின் நடுவில் அத்தீவு உல்லாசத் தலமாக மாற்றப்பட்டது. இன்று மக்கள் படகில் போகிறார்கள், மர நிழலில் நடக்கிறார்கள், கடலில் குளிக்கிறார்கள், மாலையில் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் விரும்பித் தேடும் அதே அமைதி, அன்று நம் பாட்டன் பாட்டிக்குக் கலக்கமாக இருந்தது. திரும்பும் நாள் தெரிந்தவனுக்குத் தீவு இன்பம். தெரியாதவனுக்கு அதுவே சிறை.

நேயர்களே, உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய கப்பல் சீட்டோ அம்மை குத்திய சான்றோ கிடந்தால், குப்பையென்று எறிந்துவிடாதீர்கள். பிள்ளைகளை அருகில் அமர்த்தி, அதைப் படித்துக் காட்டுங்கள். நம் வரலாற்றின் முதல் ஏடு அதுவாகவே இருக்கலாம்.