நாலடிக்கு ஏழரை

‘கக்கூஸ்’ டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். அதன் பின்பாதிக்கு அவர்கள் மொழியில் வீடு என்றே பொருள். நம்மிடமும் அது தனி வீடாகத்தான் இருந்தது: கொல்லைக் கடைசியில், கிணற்றுக்கு எட்டி. எடுப்புக் கக்கூஸ் இருந்த தெருக்களில் பின்சந்து ஒன்று இருக்கும். மலம் அள்ள வருபவர் அந்த வழியாகத்தான் வரணும், போகணும். இந்தத் தூரத்துக்கு நாற்றம் ஒரு காரணம், சாதி இன்னொன்று.

அந்தத் தனி வீட்டைப் படுக்கையறைப் பக்கம் கொண்டுவந்தது ஒரு வளைந்த குழாய். 1775இல் லண்டனில் அலெக்சாண்டர் கமிங் என்ற கடிகாரக்காரர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். வளைவில் தேங்கும் தண்ணீர் நாற்றத்தை மறிக்கும், அவ்வளவுதான் சங்கதி. பிந்தேஷ்வர் பாடக் 1970இல் தொடங்கிய சுலப் இயக்கம் இரட்டைக் குழிக் கழிப்பறையைப் பரப்பியது. அந்த வகையில் தேங்கும் தண்ணீர் 20 மில்லிமீட்டர்தான். கோப்பையின் சரிவு அதிகம் என்பதால் இரண்டு லிட்டர் ஊற்றினாலே போதும். ஒரு குழி நிறைந்தால் அடுத்ததுக்கு மாற்றலாம். பழசு மட்கி எருவாகிவிடும், யாரும் மலம் அள்ள வேண்டியதில்லை.

இனி இடக்கணக்கு. தமிழக அரசு 2011இல் அறிவித்த பசுமை வீடு கழிப்பறையோடு சேர்த்தே 300 சதுர அடி. சமயநல்லூர் மாதிரி மதுரையை ஒட்டிய ஊர்களில் சென்ட் கணக்கில் மனை வாங்குபவர்களுக்கும் இதே நெருக்கடிதான். குளியலும் கழிப்பும் சேர்ந்த அறைக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் குறைந்தபட்சம் 2.8 சதுர மீட்டர், அகலம் 1.2 மீட்டர். நம்ம கணக்கில் நாலடிக்கு ஏழரை.

அதற்குள் நிறையச் செய்யலாம். கதவு வெளிப்பக்கம் திறந்தால் உள்ளே ஒரு ஆள் நிற்கிற இடம் மிச்சம். குளிக்கிற பக்கத்தை ஓர் அங்குலம் தாழ்த்தினால் கோப்பைப் பக்கம் ஈரமாகாது. சோப்புக்குச் சுவரிலேயே மாடம், கை கழுவும் தொட்டிக்கு மூலை. இரட்டைக் குழி என்றால் குளிக்கிற தண்ணியை அதற்குள் விடக் கூடாது. தனி வழி வேணும்.

ஆனால் நம் வீட்டு வரைபடங்கள் பெரும்பாலும் குளியலறைச் சுவரோடு நின்றுவிடுகின்றன. இடம் போதாமல் செப்டிக் டேங்கைச் சமையலறைக்கு அடியில் தள்ளி, மூடிமேல் டைல்ஸ் ஒட்டிவிடுகிறோம். நிறைகிற நாளில் லாரிக் குழாய் உள்ளே போக வழியில்லை என்றால் யாரையாவது இறக்கத்தான் பார்ப்பார்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் அப்படி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பின்சந்து போய்விட்டது; அதில் நடந்தவரை இன்னும் நம் தொட்டிக்குள் கூப்பிடுகிறோம். மிச்சம் பிடித்த இடத்தில் இரண்டடிக்கு இரண்டடி, குழாய் எட்டும் தூரத்தில், திறக்கிற ஒரு மூடிக்குப் போகணும்.