கம்பியில்லாச் சேதி

போனக்காடு எஸ்டேட்டில் சங்கு ஊதினால் எல்லா லயத்துக்கும் கேட்கும். வீட்டுக்கு வீடு கம்பி இழுக்கவில்லை.

மகன் கம்ப்யூட்டரில் 'பியூர் டேட்டா'வில் இசை செய்கிறான். பெட்டிகளைக் கோடு போட்டு இணைக்கணும். 1980களில் பாரிஸ் இர்காமில் மில்லர் பக்கெட் 'மேக்ஸ்' எழுதினார். 1996ல் பியூர் டேட்டா. கோடுகள் சிக்காகாமலிருக்க 'சென்ட்', 'ரிசீவ்' என்று இரண்டு பெட்டிகள். ஒரே பெயர் வைத்தால் கோடில்லாமலே சேதி போகும்; அந்தப் பெயருள்ள ரிசீவ் எல்லாவற்றுக்கும். ஓர் எழுத்து தப்பினால் போகாது. பிழை என்றும் சொல்லாது.

அதுதான் உறுத்தியது. அங்கே ஃபாக்டரி மூடியாச்சு. அப்பா போனில் இன்னமும் என் லயத்துப் பெயரைத்தான் கேட்கிறார். மகன், "ராங் நம்பர்" என்று வைத்துவிடுகிறான். இன்றுதான் அந்தப் பெயரை அவனுக்குச் சொன்னேன்.