குறையை எழுதிய கல்

சீனத் துறவி யிஜிங் கி.பி. 673-ஐ ஒட்டி இந்தியாவுக்குக் கப்பலேறி வந்தபோது வழியில் கண்ட தீவை ஆய்வாளர்கள் நிக்கோபார் என்கிறார்கள். அந்தத் தீவினர் படகுகளில் தேங்காயும் வாழைப்பழமும் கொண்டுவந்து கப்பலை மொய்த்தார்கள். பதிலுக்குக் கேட்டது இரும்பு ஒன்றைத்தான். இரண்டு விரல் அளவு இரும்புக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய் என்று விலையையும் அவர் குறித்து வைத்திருக்கிறார். இந்த வியாபாரத்தில் ஏமாற்ற இடமில்லை. இரும்பு நல்லதா என்பதை ஒரு வெட்டிலேயே கண்டுகொள்ளலாம். வைரத்தின் கதை வேறு. வாங்குகிறவர் அதை வைத்து எதையும் வெட்டிப் பார்ப்பதில்லை, கண்ணுக்கு எல்லாக் கல்லும் மின்னும். அதனால் வைரத்தின் விலை சொல்லின் மேல், அதிலும் குறையை ஒளிக்காமல் சொல்லும் சொல்லின் மேல் நிற்கிறது என்பதே என் கருத்து.

தமிழில் அந்தச் சொற்கள் மிகப் பழையவை. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடைத் தெருவைக் காட்டும்போது வைரத்தின் நான்கு குற்றங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது: காக்கைக் காலடி போன்ற காகபாதம், கறையான களங்கம், புள்ளியான விந்து, கீற்றான ஏகை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. 1010-ஐ ஒட்டி ராஜராஜனும் அவர் குடும்பத்தாரும் தந்த நகைகளில் வைரம் எத்தனை, எடை எவ்வளவு, மதிப்பு எத்தனை காசு என்பதோடு நிற்காமல், மட்டத்தாரை, சப்படி என்று வடிவத்தையும், முரிந்தவை, வெந்தவை, ரக்தபிந்து (சிவப்புப் புள்ளி), காகபிந்து (கரும்புள்ளி) உள்ளவை என்று குறையையும் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். பேரரசன் இறைவனுக்குக் கொடுத்த கல்லில் சிவப்புப் புள்ளி இருக்கிறது என்று ஊரறிய எழுதுவதற்கு எவ்வளவு நேர்மை வேண்டும்! 

அது கோயில் சொத்து திருடு போகாமலிருக்க எழுதிய கணக்குத்தானே, வாங்குகிறவருக்கு அதனால் என்ன என்று கேட்கலாம். கல்லை மாற்றி வைத்தால் பிடிபட வேண்டும் என்பது அதன் முதல் நோக்கமாக இருந்திருக்கலாம். இன்று ஆய்வகச் சான்றிதழ் செய்வதும் அதே வேலைதான்: இந்தக் கல் இதுதான் என்று அடையாளம் காட்டுகிறது. குறையைத் தேடும் இன்னொரு வழியும் உண்டு. தோஷமுள்ள வைரம் குடும்பத்துக்கு ஆகாது என்று கல்லை வீட்டில் வைத்துப் பார்த்து வாங்கும் வழக்கத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோரும் உண்டு. ராசியை நானும் நம்பவில்லை. ஆனால் விற்பவர் வாயை மட்டுமே நம்ப வேண்டியிருந்த காலத்தில், குறையை உற்றுப் பார்க்கச் செய்த பயம் அது.

அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜிஐஏ 1931-இல் தொடங்கியது. அது பரப்பிய எடை, நிறம், தெளிவு, வெட்டு என்ற நான்கு அளவுகோல்களில் பழைய குற்றங்கள் பெரும்பாலும் தெளிவுக்குள் அடங்கும். பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்து அதைத் தீர்மானிக்கிறார்கள். புதிதாக முதன்மை பெற்றது வெட்டு. 200 மில்லிகிராம் கொண்ட ஒரு காரட் கல் மட்டமாக வெட்டப்பட்டிருந்தால், நன்றாக வெட்டிய சிறிய கல்லிடம் ஒளியில் தோற்றுப்போகும். இப்போது ஐந்தாவது கேள்வியும் சேர்ந்துவிட்டது: நிலத்தில் விளைந்ததா, ஆய்வகத்தில் வளர்ந்ததா? இரண்டும் ஒரே கார்பன்தான், வெறும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, விலையிலோ பெரிய இடைவெளி. நகையில் உள்ள ஹால்மார்க் தங்கத்தின் தூய்மைக்கு மட்டுமே சாட்சி, கல்லைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பின்பக்கம் மூடிப் பதித்த நகையில் கல்லின் குறையும் மறைந்துவிடும். ஆகவே அந்தமானின் ஸ்ரீ விஜயபுரத்தில் வாங்கினாலும் சென்னையில் வாங்கினாலும், நகையில் பதிப்பதற்கு முன் கல்லைத் தனியாக லென்ஸில் பாருங்கள். அதில் என்ன குறை என்று கேளுங்கள். சொன்னதை எழுத்தில் வாங்குங்கள்.